உட்கார வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது

அப்பாவின் கோலோஸ்டமி பை (ஆபரேஷனில் வயிற்றில் போட்ட திறப்பு வழியாக வரும் மலத்தைப் பிடிக்க ஒட்டும் பை) பத்து நாளாகக் கசிந்தது. எப்போதும் இடது கீழ்ப்பக்கம்தான். பிராண்டை மாற்றினோம், விளிம்பைச் சுற்றி டேப் ஒட்டினோம், நிற்கவில்லை. பையைத் தோலோடு ஒட்டும் தகட்டைக் கழற்றித் திருப்பிப் பார்த்தால், அந்தப் பக்கம் மட்டும் பசை கரைந்து வெளுத்திருந்தது. சரி என்று அப்பாவை நாற்காலியில் உட்கார வைத்தேன். அதே இடத்தில் வயிற்றில் ஒரு மடிப்பு! நாங்களோ படுக்க வைத்தே ஒட்டிக்கொண்டிருந்தோம். படுத்தால் மடிப்பு தெரியவே தெரியாது.

ஸ்டோமாவையும், அதாவது வயிற்றில் உள்ள அந்தத் திறப்பையும், அளந்தேன். ஆபரேஷன் வீக்கம் வடிந்து 35 மில்லிமீட்டர் 28 ஆகியிருந்தது, தகட்டில் வெட்டும் ஓட்டை மட்டும் பழைய அளவு. இப்போது 30-க்கு வெட்டுகிறேன். வெறும் தண்ணீரில் கழுவி, ஈரம் போகத் துடைத்து, மடிப்பில் ஸ்டோமா பேஸ்ட் நிரப்பி, தகட்டை இரண்டு நிமிடம் உள்ளங்கைச் சூட்டில் அழுத்திப் பிடிக்கிறேன். நாலு நாளாகக் கசிவில்லை. அப்பாடா.