ஸ்மார்ட் மீட்டர் வேண்டுமா? முதலில் இருக்கிற மீட்டரைப் படித்துப் பாருங்கள்

தி.நகரில் சித்தி வீட்டில் ஸ்மார்ட் மீட்டர் இருக்கிறது, அதாவது ரீடிங்கைத் தானே மின்வாரியத்துக்கு அனுப்பும் மீட்டர். சென்னையில் சோதனை முயற்சியாக ஒரு லட்சத்துக்கும் அதிகமாகப் பொருத்திய பகுதி அது. எங்கள் தாம்பரம் வீட்டில் சாதாரண மின்னணு மீட்டர்தான். போன கோடையில் எங்கள் கணக்கு 520 யூனிட் என்று வந்தபோது, "உங்களுக்கும் அந்த மீட்டர் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்றார் சித்தி. சரியாகுமா என்று பார்க்க உட்கார்ந்தேன். இரண்டு வாரத்தில் விடை கிடைத்தது, அதுவும் பழைய மீட்டரிலிருந்தே. நான் செய்ததை அதே வரிசையில் எழுதுகிறேன்.

தேவையானவை: நோட்டு, பேனா, ஸ்டாப்வாட்ச் உள்ள ஏதாவது ஒரு போன். மீட்டரின் சீலைத் தொடவே கூடாது. கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பது மட்டும்தான் நம் வேலை.

ஏன் இந்தப் பாடு: 500-வது யூனிட்

தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரத்துக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கு. 2022 கட்டணப்படி முதல் 100 யூனிட் இலவசம். இது எல்லோருக்கும் தெரியும். 500-ஐத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை, அதற்கு முந்தைய கட்டண அடுக்கின் விலையும் சேர்ந்து மாறுகிறது என்பது பலருக்குத் தெரியாது. 2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தில் போட்டுக் காட்டுகிறேன். பிறகு விலை ஏறியிருக்கிறது, ஆனால் அந்த எண்களில் கூட்டல் எளிது.

500 யூனிட் என்றால்: 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய், அடுத்த 200-க்கு 4.50, கடைசி 100-க்கு 6. மொத்தம் 1,725 ரூபாய்.

501 யூனிட் என்றால்: 101 முதல் 400 வரை எல்லாமே 4.50, அடுத்த 100-க்கு 6, அந்த ஒற்றை யூனிட்டுக்கு 8. மொத்தம் 1,958 ரூபாய்.

அந்த ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய். இன்னொன்றையும் பாருங்கள். நாளுக்கு 8 யூனிட் செலவாகும் வீட்டில் 60-வது நாள் ரீடிங் எடுத்தால் 480 யூனிட், 1,605 ரூபாய். நான்கு நாள் தள்ளி எடுத்தால் 512 யூனிட், 2,046 ரூபாய். செலவழித்த விதம் ஒன்றுதான், தேதிதான் வேறு. ஸ்மார்ட் மீட்டருக்காக வாதாட வேண்டுமென்றால் நான் இதை வைத்துத்தான் வாதாடுவேன். அது குறித்த தேதியில் குறித்த நேரத்தில் தானாக ரீடிங்கை அனுப்பிவிடும். வீடு பூட்டியிருந்தாலும் கவலையில்லை.

படி 1: எந்த எண் ரீடிங்?

திரையில் எண்கள் சில வினாடிக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கும்: தேதி, நேரம், வோல்டேஜ், கரண்ட், அதிகபட்சத் தேவை (வீடு ஒரே சமயத்தில் இழுத்த மின்சாரத்தின் உச்ச அளவு) என்று. ஓரத்தில் கே.டபிள்யூ.எச். என்று வரும்போது தெரிவதுதான் யூனிட். மூன்று பேஸ் மீட்டரில் (எங்களுடையதுபோல், மூன்று தனித்தனிக் கம்பிகளில் மின்சாரம் வரும் இணைப்பில்) கே.வி.ஏ.எச். என்று ஏறக்குறைய அதே தோற்றத்தில் இன்னொரு எண்ணும் வரும். முதல் இரண்டு நாள் ஒன்றையும் மூன்றாம் நாள் மற்றதையும் எழுதிவைத்து, ஒரே நாளில் நானூறு யூனிட் செலவாகிவிட்டதாகக் கணக்குப் போட்டு வியர்த்தேன்.

படி 2: ஏழு நாள் நோட்டு

தினமும் ஒரே நேரத்தில் எழுதுங்கள். நான் காலை காபிக்கு முன் எழுதினேன். பக்கத்தில் ஒரு வரி: ஏசி எத்தனை மணி நேரம், வாஷிங் மெஷின் போட்டோமா, விருந்தாளி உண்டா. இதற்கென்று இருக்கும் செயலிகளையும் முயன்று பார்த்தேன், நோட்டுதான் நின்றது. மீட்டர் பெட்டிக்குப் பக்கத்திலேயே நூல் கட்டித் தொங்கவிட்டால் அம்மாவும் எழுதுவார், பையனும் எழுதுவான்.

படி 3: சிவப்பு விளக்கை எண்ணுவது

மீட்டரில் ஒரு சிறிய சிவப்பு விளக்கு விட்டுவிட்டுச் சிமிட்டும். பக்கத்தில் 3200, 1600, 800 என்று ஏதாவது ஓர் எண் இருக்கும். ஒரு யூனிட்டுக்கு அத்தனை சிமிட்டல் என்று பொருள். இந்த எண்ணும் ஸ்டாப்வாட்ச்சும் இருந்தால் வீட்டில் இந்த நிமிடம் எத்தனை வாட் ஓடுகிறது என்று சொல்லிவிடலாம்.

36,00,000-ஐ அந்த எண்ணால் வகுங்கள். வருவதை இரண்டு சிமிட்டலுக்கு இடைப்பட்ட வினாடியால் வகுங்கள். விடை வாட்.

3200 என்றால் 1125-ஐ வினாடியால் வகுத்தால் போதும். எங்களுடையது 800, ஆகவே 4500. வேகமாகச் சிமிட்டினால் பத்துச் சிமிட்டலை எண்ணிப் பத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் சிமிட்டாமல் நிலையாக எரியும் வேறு விளக்கு இருந்தால் அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

படி 4: இரவுச் சோதனை

எல்லோரும் தூங்கப் போகும் நேரத்தில் விளக்கு, மின்விசிறி, ஏசி, டிவி எல்லாவற்றையும் நிறுத்தி, ஃபிரிட்ஜையும் பத்து நிமிடத்துக்கு அணைத்துவிட்டு மீட்டர் முன்னால் போய் நில்லுங்கள். வீடே இருட்டு. அம்மா உள்ளிருந்து "கரண்ட் போய்விட்டதா?" என்று கேட்க, மாடிப்படி இறங்கிய மேல்வீட்டுக்காரர் டார்ச்சுடன் மீட்டர் பெட்டியை முறைத்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்து ஒரு படி பின்வாங்கினார்.

ஒன்றுமே ஓடாத வீட்டில் சிமிட்டவே கூடாது, அல்லது வெகுநேரத்துக்கு ஒருமுறை சிமிட்ட வேண்டும். எங்களுடையது 47 வினாடிக்கு ஒருமுறை சிமிட்டியது. ஏறக்குறைய 95 வாட், யாருக்கும் பயன்படாமல். ஒவ்வொன்றாகப் பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தேன். இன்வெர்ட்டருக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்தியதும் 128 வினாடிக்குப் போய்விட்டது. அதாவது 35 வாட். இன்வெர்ட்டரின் முகப்பில் உள்ள பொத்தானை அணைப்பது போதாது, பேட்டரி சார்ஜ் ஆவது அப்போதும் நிற்காது. சுவரில் அதற்கான சுவிட்சையே நிறுத்த வேண்டும்.

ஆறு வருடப் பழைய பேட்டரி. மாதத்துக்கு ஒருமுறை டிஸ்டில்டு வாட்டர் கேட்டுக்கொண்டிருந்தது. அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். முழுதாக ஏறாத பேட்டரி இரவும் பகலும் குடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. 60 வாட், 24 மணி நேரம், 60 நாள் என்றால் 86 யூனிட். 520-லிருந்து அதைக் கழித்துப் பாருங்கள். (இந்தக் கணக்கில் ஓர் ஓட்டை உண்டு. கீழே பின்குறிப்பில் பார்க்க.)

படி 5: மீட்டர் சரியாக ஓடுகிறதா?

நான் தடுக்கி விழுந்த இடம் இது, ஆகையால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அளவு தெரிந்த ஒரு பொருளை மட்டும் ஓடவிட்டு, மீட்டர் சொல்வதோடு ஒப்பிட வேண்டும். இஸ்திரிப் பெட்டி வேண்டாம், சூடானதும் தானே அணைந்து அணைந்து எரியும். வெந்நீர் போடும் ஹீட்டர் ராடு நல்லது. வாளியில் தண்ணீர் நிறைத்து, ராடை உள்ளே வைத்த பிறகே சுவிட்சைப் போடுங்கள். அது ஓடும்போது தண்ணீரில் விரல் வைக்கவே கூடாது.

எங்கள் ராடில் 1500 வாட் என்று அச்சிட்டிருந்தது. அப்படியானால் பத்துச் சிமிட்டலுக்கு 30 வினாடி ஆக வேண்டும். ஆனது 37. கணக்குப்படி 1216 வாட். மீட்டர் மெதுவாக ஓடுகிறது, மின்வாரியம் இத்தனை நாள் எனக்கு இலவசமாகத் தந்துகொண்டிருக்கிறது என்று உள்ளூர மகிழ்ந்தேன். யாரிடமும் சொல்லாமல் ஒரு நாள் முழுக்க அந்த மகிழ்ச்சியில் இருந்தேன்.

மறுநாள் ராடின் அட்டையை மறுபடி பார்த்தால், 1500 வாட்டுக்குப் பக்கத்தில் 230 வோல்ட் என்று பொடி எழுத்தில் இருந்தது. வோல்டேஜ் குறைந்தால் ராடு இழுக்கும் வாட்டும் குறையும், அதுவும் வர்க்க விகிதத்தில் குறையும். சரி, திரையில் வோல்டேஜ் பார்த்தேன்: 231. அப்படியானால் மீட்டர் மெதுவாகத்தான் ஓடுகிறதோ? இல்லை. அது வேறு பேஸின் வோல்டேஜ். குளியலறைப் பிளக் வேறொரு பேஸில் இருக்கிறது, அதில் 208. 208-ஐ 230-ஆல் வகுத்து, வர்க்கம் எடுத்து, 1500-ஆல் பெருக்கினால் 1227. மீட்டர் காட்டியது 1216. ஸ்டாப்வாட்ச்சை அழுத்தும் கையின் பிழைக்குள் அடங்கிவிடுகிற வித்தியாசம். மீட்டர் நிரபராதி.

இவ்வளவு கணக்கு வேண்டாம் என்பவர்கள், பிளக்குக்கும் பொருளுக்கும் நடுவில் செருகும் சிறிய வாட் மீட்டர் ஒன்றை வாங்கிக்கொள்ளலாம். வைஃபை கேட்கும் ஸ்மார்ட் பிளக்கை விட, முகத்திலேயே திரை உள்ளது எனக்குப் பிடிக்கும். எதை வாங்கினாலும் கீசருக்கும் ஏசிக்கும் 16 ஆம்பியர் உள்ளதாக இருக்கட்டும்.

சரி, ஸ்மார்ட் மீட்டர் வேண்டுமா?

அது உள்ளே என்ன செய்கிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். அரை மணிக்கோ கால் மணிக்கோ ஒருமுறை செலவைக் குறித்துக்கொண்டு ரேடியோ அல்லது செல்போன் வலை வழியாக அனுப்புகிறது. தொலைவிலிருந்தே இணைப்பைத் துண்டிக்கவும் திரும்பக் கொடுக்கவும் உள்ளே ஒரு சுவிட்ச் இருக்கிறது. அவ்வளவுதான். அது என் இன்வெர்ட்டரைக் கண்டுபிடித்திருக்காது. இரவு இரண்டு மணிக்கும் 95 வாட் ஓடுகிறது என்று காட்டியிருக்கும், தேடுவது நம் பாடு.

இரண்டு மாதச் செலவு 450-க்கும் 550-க்கும் நடுவே ஊசலாடுகிறவர்களுக்கு அது நிச்சயம் பயன். அடிக்கடி வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியூர் போகிறவர்களுக்கும் பயன். 300-க்குள் நிற்கும் வீட்டுக்கு நோட்டே போதும். இன்னும் வட்டுச் சுழலும் பழைய மீட்டர் வைத்திருப்பவர்கள் மட்டும் கொஞ்சம் தயாராக இருங்கள். தேய்ந்த வட்டு சின்னச் சின்னச் செலவுக்கு அசையாமலேயே இருந்திருக்கும். புதியது அதையும் எண்ணும், கணக்கு ஏறும்.

நம் விருப்பத்தைக் கேட்டு அது வரப்போவதில்லை என்பதும் உண்மை. மத்திய அரசின் 2021-ஆம் ஆண்டுத் திட்டம் நாடு முழுக்க 25 கோடி மீட்டர் என்று கிளம்பியது. ஆகவே வரும் நாளில் செய்ய வேண்டியவை: பழைய மீட்டரின் கடைசி ரீடிங்கைப் படம் எடுங்கள். புதியதன் வரிசை எண்ணையும் தொடக்க ரீடிங்கையும் படம் எடுங்கள். இரவுச் சோதனையைப் புதியதிலும் ஒருமுறை செய்யுங்கள். கணக்கு தவறு என்று தோன்றினால் புகார் கொடுங்கள். மின் நுகர்வோர் உரிமை விதிகளின் 2024 திருத்தப்படி, புகார் கொடுத்த ஐந்து நாளுக்குள் பக்கத்தில் இன்னொரு மீட்டர் பொருத்தி, குறைந்தது மூன்று மாதம் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 2023 திருத்தம் இன்னொன்று சொல்கிறது: ஸ்மார்ட் மீட்டர் காட்டும் அதிகபட்சத் தேவையை வைத்து, அது பொருத்துவதற்கு முந்தைய காலத்துக்கு அபராதம் போடக் கூடாது.

பின்குறிப்பு 1

ஒரு வாசகர் நான்காம் படியில் என்னைப் பிடித்துவிட்டார். இன்வெர்ட்டருக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்தினால் ரவுட்டர் பேட்டரிக்கு மாறிவிடும், அதன் செலவும் மீட்டரிலிருந்து மறைந்துவிடும், ஆகவே 60 வாட்டும் பேட்டரியின் குற்றமல்ல என்கிறார். உண்மைதான். ரவுட்டரையும் செட் டாப் பாக்ஸையும் முதலிலேயே பிடுங்கிவிட்டு மறுபடி எண்ணியதில் பேட்டரியின் பங்கு 48 வாட். இரண்டு மாதத்துக்கு 69 யூனிட். புதுப் பேட்டரி போட்ட பிறகு வந்த கணக்கு 447.

பின்குறிப்பு 2

மாடியில் சோலார் போட்டவர்கள் கவனிக்க: பகலில் சிவப்பு விளக்கு வேகமாகச் சிமிட்டுகிறதே என்று பதற வேண்டாம். நீங்கள் மின்சாரத்தை வெளியே அனுப்பும்போதும் அது சிமிட்டும். சூரியன் மறைந்த பிறகு எண்ணுங்கள்.