டவரை மூடிவிட்டார்கள், கருவி முடங்கிவிட்டது: நுகர்வோர் என்ன கேட்கலாம், எப்படிக் கேட்கலாம்

கிணற்று மோட்டாரை வீட்டிலிருந்தே மிஸ்டு கால் கொடுத்து ஓட்டும் மொபைல் ஸ்டார்ட்டர், வண்டி எங்கே நிற்கிறது என்று காட்டும் ஜிபிஎஸ் டிராக்கர், காரோடு சேர்ந்து வரும் ஆப் வசதி: இவை எல்லாவற்றுக்குள்ளும் ஒரு சிம் இருக்கிறது. அந்த சிம் நம்பியிருக்கும் 2ஜி அல்லது 3ஜி சேவையை டெலிகாம் கம்பெனி நிறுத்திவிட்டால், ஒரு ஸ்க்ரூகூடக் கழலாமல் கருவி வெறும் டப்பாவாகிவிடும். ஏர்டெல் 2019-இல் கொல்கத்தாவில் தொடங்கி, ஒவ்வொரு டெலிகாம் வட்டமாக (சேவைப் பகுதியாக) 3ஜி-யை மூடியது. ஜியோவில் 2ஜி, 3ஜி இரண்டுமே கிடையாது. அமெரிக்காவில் ஏடி&டி 2022 பிப்ரவரியில் 3ஜி-யை மூடியபோது பல கார்களில் அவசர அழைப்பு வசதியே நின்றுபோனது.

"நெட்வொர்க் போச்சுங்க, நாங்க என்ன செய்ய முடியும்?" என்பதுதான் கடையில் கிடைக்கும் முதல் பதில். அதில் பாதி உண்மை. டவரை மூடியதற்கு ஸ்டார்ட்டர் விற்றவர் பொறுப்பல்ல. ஆனால் மூடப்போகிறார்கள் என்று தெரிந்த பிறகும் அதை மறைத்து விற்றிருந்தால், அல்லது மூன்று வருடச் சந்தாவை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு ஒன்றரை வருடத்தில் கைவிரித்தால், அது அவர் பொறுப்புதான். உங்கள் புகார் நிற்பதும் விழுவதும் மூன்று தேதிகளில்: பணம் கட்டிய நாள், மூடப்போவதாக அறிவிப்பு வந்த நாள், வசதி நின்ற நாள்.

முதலில், உண்மையிலேயே நெட்வொர்க்தானா?

கீழே சொல்லும் சோதனையைச் செய்யாமல் போட்ட புகார் தோற்கலாம். ரீசார்ஜ் முடிந்த சிம்முக்கும், கம்பெனி சர்வரை நிறுத்தியதற்கும், டவர் மூடியதற்கும் வெளியே தெரியும் அறிகுறி ஒன்றே. பொறுப்பாளிதான் வேறு.

கருவியின் மூடியைத் திறந்தால் வாரண்டி சீல் உடையும் என்றால் திறக்காதீர்கள். சிம் போடும் இடமும் சிக்னல் விளக்கும் பெரும்பாலும் வெளியிலேயே தெரியும். இந்த ஸ்டார்ட்டர்களிலும் டிராக்கர்களிலும் சிம்800, சிம்900 என்ற 2ஜி மாட்யூல்கள் (டவரோடு பேசும் சிறு மின்னணுப் பாகங்கள்) நிறையப் புழங்குகின்றன. அவற்றின் நெட்வொர்க் விளக்கு 3 விநாடிக்கு ஒருமுறை மின்னினால் டவரில் பதிவாகிவிட்டது என்று பொருள். ஏறக்குறைய விநாடிக்கு ஒருமுறை மின்னினால் டவரைத் தேடிக்கொண்டே இருக்கிறது. இதை செல்போனில் வீடியோ எடுங்கள். கருவியின் சீரியல் எண்ணும் அதே வீடியோவில் விழ வேண்டும்.

அடுத்து அந்த சிம்மைக் கழற்றி ஒரு செல்போனில் போட்டு, மோட்டார் இருக்கும் இடத்திலேயே நின்று பாருங்கள். நெட்வொர்க் வகையை '2ஜி மட்டும்' என்று மாற்ற முடிகிற போனாக இருக்கட்டும். சிக்னல் வந்து அழைப்பும் போகிறது என்றால் டவர் உயிரோடு இருக்கிறது, பழுது கருவியில்தான். அது சாதாரண வாரண்டி விவகாரம். சிக்னலே இல்லை என்றால், 2ஜி ஓடும் வேறு கம்பெனி சிம் ஒன்றைக் கருவியில் போட்டுப் பாருங்கள். பல ஊர்களில் இதோடு பிரச்சினை தீர்ந்துவிடும். சில மாடல்களில் உரிமையாளர் எண்ணை மறுபடி பதிய வேண்டியிருக்கும், அவ்வளவுதான். நீங்களே ஜியோவுக்கு போர்ட் செய்துவிட்டு 2ஜி கருவி வேலை செய்யவில்லை என்று புகார் கொடுத்தால் அது நிற்காது.

ஒரு விஷயத்தில் ஏமாறாதீர்கள். பெட்டியில் '4ஜி' என்று போட்டிருந்தாலும், வோல்ட்இ (4ஜி-யிலேயே குரல் அழைப்பு எடுக்கும் வசதி) இல்லாத மாட்யூல் டேட்டாவுக்கு மட்டும்தான் 4ஜி-யில் நிற்கும். அழைப்பு வந்தால் 2ஜி-க்கோ 3ஜி-க்கோ இறங்கித்தான் எடுக்கும். அந்தக் கீழ்த்தளம் மூடப்பட்டதும் ஆப் வேலை செய்யும், மிஸ்டு கால் வேலை செய்யாது. '4ஜி' என்று நம்பி வாங்கியவருக்கு இது நல்ல புகார்க் காரணம், ஏனென்றால் விற்றவர் சொன்ன தரமும் கொடுத்த தரமும் ஒன்றல்ல.

காகிதங்கள்

பில் முதலில். அதில் மாடல் பெயர் இல்லையென்றால் பெட்டியைத் தேடுங்கள். தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, தயாரித்த மாதம், ஆண்டு எல்லாம் பெட்டி லேபிளில் இருக்க வேண்டும் என்பது எடையளவுச் சட்ட விதி. நெட்வொர்க் மூடும் அறிவிப்புக்குப் பிறகு தயாரான கருவி என்று அந்த லேபிளே காட்டிக்கொடுத்துவிடும். விளம்பர நோட்டீஸ், வாட்ஸ்அப்பில் விற்பனையாளர் அனுப்பிய படம், வாரண்டி கார்டு, சந்தா கட்டிய ரசீது எதையும் தூக்கிப் போடாதீர்கள். விற்றபோது இருந்த இணையப் பக்கத்தைக் கம்பெனி இப்போது மாற்றியிருந்தால் பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் பழைய நகல் கிடைக்கலாம். டெலிகாம் கம்பெனி அனுப்பிய 'உங்கள் பகுதியில் சேவை நிறுத்தப்படுகிறது' எஸ்எம்எஸ் இருந்தால் அது தங்கம். தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, போனை மாற்றும் முன் இன்னோர் இடத்திலும் சேமித்து வையுங்கள்.

சட்டம் எங்கே கைகொடுக்கிறது

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் பிரிவு 2(11), சேவைக் குறைபாடு என்பதற்குள் 'தேவையான தகவலை வேண்டுமென்றே மறைத்தல்' என்பதையும் சேர்த்திருக்கிறது. ஆப், சர்வர், சிம் திட்டம் ஆகியவை சேவை. ஆகவே இந்தப் பிரிவுதான் உங்கள் முதுகெலும்பு. கருவியைப் பொறுத்தவரை பிரிவு 2(10): விற்பவர் எந்த வகையிலாவது சொன்ன தரம் பொருளில் இல்லையென்றால் அது குறைபாடு. இந்த இரண்டையும் எழுதுங்கள்.

'தயாரிப்புப் பொறுப்பு' அத்தியாயத்தின்கீழ் கேட்காதீர்கள். அது பொருளால் உடலுக்கோ மற்ற சொத்துக்கோ வந்த சேதத்துக்கானது. பொருளுக்கே வந்த இழப்பை அது ஏற்காது. 'வசதிகள் முன்னறிவிப்பின்றி மாறலாம்' என்று கார்டில் அச்சிட்டிருப்பதை எதிர்க்கலாம். ஆனால் அதை 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்று முதன்மைக் கோரிக்கையாக்கினால் வழக்கு மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். மாவட்ட ஆணையத்தில் எதிர்தரப்பு அதைக் காட்டியே தள்ளுபடி கேட்கும்.

'விவசாயத்துக்கு வாங்கினீர்கள், நீங்கள் நுகர்வோர் இல்லை' என்று கம்பெனி பதில் போட்டால் அசராதீர்கள். விதை வாங்கிய விவசாயிகள் நுகர்வோரே என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் தேசிய விதைக் கழக வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. பிழைப்புக்காகத் தானே ஓட்டும் ஆட்டோவில் டிராக்கர் போட்டவரும் நுகர்வோர்தான். முப்பது லாரி வைத்திருப்பவருக்கு இந்த வழி கடினம்.

டெலிகாம் கம்பெனியை எதிர்தரப்பாகச் சேர்க்கலாமா? சேர்க்கச் சட்டத்தில் தடையில்லை. டெலிகாம் புகார்களை நுகர்வோர் ஆணையம் விசாரிக்கலாம் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் மூடுவதை முன்கூட்டியே அறிவித்த கம்பெனியைச் சேர்ப்பதால் வழக்கு நீளுமே தவிர பலன் குறைவு. விற்ற கடை, தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் ஆகியோரை விட்டுவிடாதீர்கள். கடையை மட்டும் சேர்த்தால் 'கம்பெனியைக் கேளுங்கள்' என்று அவர் நழுவுவார்.

நோட்டீஸ்

வக்கீல் தேவையில்லை. ஒரே பக்கம் போதும். ஸ்பீட் போஸ்டில், போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகையோடு ஒன்று, மின்னஞ்சலில் ஒன்று. நடு வாசகம் இப்படி இருக்கட்டும்:

"___ தேதியில் ரூ. ___ கொடுத்து இந்த மாடலை வாங்கினேன். செல்போன் மூலம் மோட்டாரை இயக்கலாம் என்று சொல்லி விற்றீர்கள். இது 2ஜி-யில் மட்டும் இயங்கும் என்பதைச் சொல்லவில்லை. ___ தேதி முதல் அந்த வசதி நின்றுவிட்டது. 15 நாட்களுக்குள் 4ஜி வோல்ட்இ மாட்யூலைக் கட்டணமின்றி மாற்றித் தர வேண்டும், இயலாவிட்டால் ரூ. ___ திருப்பித் தர வேண்டும்."

அந்த ரூபாய்க் கட்டத்தில் முழு விலையை எழுதிவிடாதீர்கள். 9,000 ரூபாய் கருவி ஆறு வருடம் உழைக்கும் என்று கம்பெனியே விளம்பரம் செய்து, இரண்டு வருடம் ஓடியிருந்தால் 6,000 கேளுங்கள். கணக்கோடு வரும் கோரிக்கையை மறுப்பது கடினம். சந்தா என்றால் மீதி மாதங்களுக்கான தொகை. இதுதான் எளிதில் கிடைக்கும் பணம். அவசரத்துக்குக் காசு கொடுத்து மாட்யூலை மாற்ற வேண்டியிருந்தால், 'உரிமையை விட்டுக்கொடுக்காமல், ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்' என்று எழுதி அனுப்பிவிட்டு மாற்றுங்கள். கழற்றிய பழைய போர்டைக் கேட்டு வாங்கி வையுங்கள், அது சாட்சி.

ஆன்லைன் தளத்தில் வாங்கியிருந்தால் அதன் குறைதீர் அலுவலருக்கும் எழுதுங்கள். அவர் 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும் என்பது 2020 இ-காமர்ஸ் விதி.

அதற்கும் மசியாவிட்டால்

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலும் பேசலாம். அவர்கள் கம்பெனியோடு பேசிப் பார்ப்பார்கள், உத்தரவு போடும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. ஆனாலும் புகார் எண் வாங்கி வைத்தால் நீங்கள் முயன்றதற்கு அது ஆதாரம்.

பிறகு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். கம்பெனி டெல்லியில் இருந்தாலும் அது இங்கே வர வேண்டும். கொடுத்த விலை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி தளத்தில் இணையம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். புகார் மனு, பிரமாணப் பத்திரம், தேதி வரிசைப்படி எண்ணிட்ட ஆவணங்கள், முதல் பக்கத்தில் அந்த மூன்று தேதிகள்.

காலக்கெடு வசதி நின்ற நாளிலிருந்து 2 வருடம். கம்பெனி 'பார்க்கிறோம், பார்க்கிறோம்' என்று பதில் அனுப்பிக்கொண்டே இருந்தாலும், நீங்கள் பத்து நினைவூட்டல் அனுப்பினாலும் அந்தக் கெடு நீளாது. எதிர்தரப்பு பதில் மனு போட 30 நாள், ஆணையம் அனுமதித்தால் இன்னும் 15 நாள். அதைத் தாண்டினால் அவர்கள் பதில் மனுவை ஏற்க முடியாது. 46-ஆம் நாள் வந்தால் எழுத்தில் ஆட்சேபியுங்கள்.

அடுத்த கருவி வாங்கும்போது, பில்லிலேயே '4ஜி வோல்ட்இ மாட்யூல்' என்றும் மாட்யூலின் மாடல் எண்ணையும் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.