சாவு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு

பினாங்கில் வீடு வீடாகப் போய்க் கடைசிக்கால நோயாளிகளைப் பார்க்கும் தாதி நான். வேலைக்குப் புதிதாக வருபவர்களிடம் முதலில் கேட்பது இதைத்தான்: "சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது என்ன சொல்வீங்க?"

'போயிட்டு வரேன்' சொல்லக்கூடாது என்று எல்லாருக்கும் தெரியும். சொல்லாமல் வருவோம், குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவோம். சீனர் வீட்டுச் சாவில் சிவப்பு நூலும் மிட்டாயும் தருவார்கள். மிட்டாயை வழியிலேயே தின்றுவிட வேண்டும், நூலை வாசலுக்கு வெளியிலேயே போட்டுவிட வேண்டும். எல்லாம் சாவையும் நம் வீட்டையும் பிரிக்கும் ஒரு கோடுதான். நம் வேலையில் அந்தக் கோடு இல்லை. 10 மணிக்கு ஜெலுத்தோங்கில் ஒருவர் கண்ணை மூடுவார், 11 மணிக்கு ஆயர் ஈத்தாமில் இன்னொருவருக்குப் புண் கட்ட வேண்டும். கோட்டை நாமேதான் போட்டுக்கொள்ள வேண்டும்.

மூச்சு நின்றதும் மருந்து பம்ப்பைக் கழற்றக் கை பரபரக்கும். பொறுங்கள். "ஒரு நிமிஷம் ஐயாகூட நிக்கவா?" என்று வீட்டாரைக் கேட்டுவிட்டு, அவர் பெயரை மனதில் சொல்லி நில்லுங்கள். மீதி மார்ஃபின் வலிமருந்தை அதன்பிறகு வீட்டார் ஒருவரை வைத்துக்கொண்டு அளந்து எழுதலாம். 'அழாதீங்க', 'நல்லவங்கள சாமி சீக்கிரம் கூப்பிட்டுக்கும்' இரண்டும் வேண்டாம். "கடைசியா எப்பம்மா சாப்பிட்டீங்க?" போதும்.

காரில் ஏறியதும் சாவியைத் திருப்பாதீர்கள். ஐந்து நிமிஷம். அவரைப் பற்றி ஒரே ஒரு விஷயத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள், யாரும் கேட்க வேண்டியதில்லை. நான் ஜெலுத்தோங் தாத்தாவுக்கு இதைச் செய்யவில்லை. ஒன்பதாவது மாடி, மின்னல் எஃப்எம் ரேடியோ ஓடிக்கொண்டே இருக்கும், கதவைத் திறந்ததும் "மிஸ்ஸி, சாப்டியா?" என்பார். இங்கே தாதியை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். அன்று நேரமில்லை என்று ஓடினேன். அடுத்த செவ்வாய்க்கிழமை கார் தானாக ஜெலுத்தோங் பக்கம் திரும்பியது. லிஃப்ட் வாசலில் நின்ற பிறகுதான் உறைத்தது.

துக்கத்துக்கு ஐந்து படி என்று பயிற்சிகளில் படம் காட்டுவார்கள். எனக்கு அதில் பொறுமை இல்லை. அந்தப் படிகளை மனநல மருத்துவர் கூப்ளர்-ராஸ் 1969-இல் எழுதியது சாகப்போகிறவர்களிடம் கேட்டறிந்ததை வைத்து, இழந்து நிற்பவர்களை வைத்து அல்ல. துக்கத்தை ஆராய்ந்த ஸ்ட்ரோப், ஷூட் இருவரும் 1999-இல் சொன்னதே என் அனுபவத்துக்கு ஒத்துவருகிறது: மனசு இழப்புக்கும் அன்றாட வேலைக்கும் நடுவே போய்ப் போய் வரும். காலையில் அழுதவர் மதியம் நாசி கண்டார் கடையில் சிரித்தால், அது கல்நெஞ்சு இல்லை.

வாரம் ஒருநாள் குழுவாக உட்கார்ந்து அந்த வாரம் போனவர்களின் பெயரை வாசியுங்கள். குழுவில் டிரைவர் இருந்தால் அவரையும் கூப்பிடுங்கள், அவரும்தான் அந்த வீட்டு மாடிப்படிகளை ஏறினார். மூத்தவர் முதலில் பேசட்டும். பேச விரும்பாதவரை நோண்டாதீர்கள். கட்டாயப்படுத்திப் பேசவைப்பதால் நன்மை இல்லை.

போன் அடித்தாலே வயிறு கலங்குவது, தூக்கம் கெடுவது, பிள்ளைகள்மேல் எரிந்து விழுவது, இல்லையென்றால் எந்தச் சாவும் ஒன்றும் செய்யாமல் போவது: இரண்டு வாரம் நீடித்தால் மேலாளரிடம் சொல்லி வீடுகளைக் குறைத்துக்கொள்ளுங்கள். மலேசியச் சுகாதார அமைச்சின் மனநல உதவி எண்ணான ஹீல் 15555-க்கும் அழைக்கலாம். சொந்த வீட்டுச் சாவுக்கு எத்தனை நாள் லீவு என்று ஒப்பந்தத்தில் இன்றே பாருங்கள். 1955 வேலைச் சட்டம் அதைக் கட்டாயமாக்கவில்லை. என் அம்மா போனபோதுதான் எனக்கே தெரிந்தது.

குடும்பத்துக்குப் பதினேழாம் நாள் போன் போடுங்கள். கருமக்கிரியை முடிந்து, சொந்தக்காரர்கள் கிளம்பி, வீடு வெறிச்சென்று கிடக்கும். தாத்தா வீட்டுப் பாட்டி சொன்னார்: "செவ்வாய்க்கிழமை ஆனா ஒனக்கும் சேத்து கோப்பி கலக்கிடுறேன் மிஸ்ஸி." நான் லிஃப்ட் கதையைச் சொன்னேன்.