ஆப்பிரிக்காவின் நில அமைப்பு: படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நைல் நதியை வரைந்து காட்டு என்றால் பாதிப் பிள்ளைகள் பென்சிலை எகிப்தில்தான் வைப்பார்கள். மத்தியதரைக் கடலில் தொடங்கி, கோட்டை அப்படியே கீழே இழுத்து விக்டோரியா ஏரியில் கொண்டுபோய் முடிப்பார்கள். கோடு சரி, திசை தலைகீழ். மாலையில் என்னிடம் பாடம் படிக்க வரும் ஒரு பையன், நைல் வடக்கே ஓடுகிறது என்று நான் சொன்னதும் ஸ்கேலைக் கீழே வைத்துவிட்டு, "தண்ணி எப்படி சார் மேல ஏறும்?" என்றான். நல்ல கேள்வி. சுவரில் மாட்டிய படத்தில் வடக்கு மேலே இருக்கிறது. அதனால் அதுதான் மேடு என்று எடுத்துக்கொண்டிருக்கிறான்.

இதுதான் முதல் தவறு, மற்ற பல தவறுகளுக்கும் தாய். ஆப்பிரிக்காவை நாடுகளுக்கு வண்ணம் தீட்டிய படத்தில் மட்டும் பார்த்தால் எது மேடு, எது பள்ளம் என்று தெரியவே தெரியாது. விக்டோரியா ஏரி கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,134 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கடல் மட்டம் வரை நைல் இறங்கித்தான் போகிறது.

தமிழில் யோசிக்கிற நமக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. நம் நிலம் மேற்கே மலையாக உயர்ந்து, கிழக்கே கடலுக்குச் சரிகிறது. மேற்கு, கிழக்கு என்ற சொற்களுக்குள்ளேயே மேலும் கீழும் இருக்கின்றன. ஆப்பிரிக்காவில் கிழக்குதான் மேடு. எத்தியோப்பியாவிலிருந்து அங்கோலாவுக்கு ஒரு சாய்கோடு போட்டுப் பாருங்கள். அதற்குத் தெற்கிலும் கிழக்கிலும் பெரும்பகுதி 1,000 மீட்டருக்கு மேலே இருக்கும்; வடக்கிலும் மேற்கிலும் பெரும்பாலும் அதற்குக் கீழேதான். தென்னாப்பிரிக்காவின் ஆரஞ்சு ஆறு இதற்கு அருமையான சாட்சி. இந்தியப் பெருங்கடலுக்கு அருகில் லெசோத்தோ மலைகளில் பிறந்து, கண்டத்தின் குறுக்கே மேற்கு நோக்கி ஓடி, அட்லாண்டிக்கில் கலக்கிறது. அரபிக்கடல் பக்கத்தில் பிறந்து வங்கக் கடலுக்கு வரும் காவிரியைக் கண்ணாடியில் பார்ப்பது போல! அதற்காக எல்லா ஆறுகளும் மேற்கே ஓடும் என்று எழுதிவிடாதீர்கள். ஜாம்பெசியும் லிம்போபோவும் கிழக்கே போகின்றன.

அடுத்தது, ஆசியாவைப் படித்த கையோடு இங்கேயும் ஓர் இமயமலையைத் தேடுவது. ஆப்பிரிக்கா பெரும்பாலும் பழைய, கெட்டியான பாறையாலான பீடபூமி. ஒரு காலத்தில் கோண்டுவானா என்ற பழைய பெருங்கண்டத்தில் நம் தென்னிந்தியாவோடு சேர்ந்திருந்த நிலம்தான் இது. மடிந்து எழுந்த இளம் மலைத்தொடர் என்றால் வடமேற்கு மூலையில் இருக்கும் அட்லஸ் மட்டும்தான். கிளிமஞ்சாரோ (5,895 மீட்டர்) எந்தத் தொடரிலும் சேராமல் தனியாக நிற்கும் எரிமலை. தென்னாப்பிரிக்காவின் டிராக்கன்ஸ்பர்க்கை மலைத்தொடர் என்று மனப்பாடம் செய்வதைவிட, பீடபூமி முடிந்து செங்குத்தாக இறங்கும் விளிம்பு என்று புரிந்துகொள்வது நல்லது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையும் பெரும்பாலும் அப்படித்தான்.

இந்த விளிம்பு புரிந்தால் காங்கோ ஆறும் புரியும். பெரிய ஆறு என்றால் கடலிலிருந்து கப்பல் நேராக உள்ளே போகலாம் என்று நினைக்கிறோம். காங்கோவில் மத்தாடி துறைமுகம் வரைதான் முடியும். அதற்கு மேலே கின்ஷாசா வரை பீடபூமியின் விளிம்பிலிருந்து ஆறு அருவியும் பாய்ச்சலுமாக இறங்குகிறது. அதைச் சுற்றிக்கொண்டு போகத்தான் 1898-இல் அந்த இரண்டு ஊர்களுக்கும் இடையே ரயில் பாதை போட்டு முடித்தார்கள். கின்ஷாசாவைத் தாண்டிவிட்டால் ஆறு மறுபடியும் அமைதியாகி, கிசங்கானி வரை படகு போகும்.

பெரும் பிளவுப் பள்ளத்தாக்கை ஆறு அரித்த பள்ளம் என்று எழுதினால் மதிப்பெண் போகும். நிலத்தின் மேலோடு இரண்டு பக்கமும் இழுபட்டு, நடுவில் உள்ள பகுதி இறங்கியதால் வந்தது அது. கிழக்கு ஆப்பிரிக்காவில் அதற்கு இரண்டு கிளைகள். மேற்குக் கிளையின் பிளவுக்குள்ளேயே கிடக்கும் டாங்கனிகா ஏரி நீளமாக, ஒடுக்கமாக, 1,470 மீட்டர் ஆழம் கொண்டது. இரண்டு கிளைகளுக்கும் நடுவே மேட்டு நிலத்தின் தாழ்வான பகுதியில் அகலமாகப் பரந்த விக்டோரியா ஏரியின் ஆழம் சுமார் 80 மீட்டர்தான். எது பிளவு ஏரி என்று வடிவத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். அப்புறம், விக்டோரியா நீர்வீழ்ச்சிக்கும் இந்த ஏரிக்கும் பெயரைத் தவிர எந்தச் சம்பந்தமும் இல்லை. அது வெகு தெற்கே, ஜாம்பியா, ஜிம்பாப்வே எல்லையில், ஜாம்பெசி ஆற்றில் இருக்கிறது.

"நிலநடுக்கோடு போகிறது, எனவே மழைக்காடு" என்பது அடிக்கடி வரும் விடை. காங்கோ வடிநிலத்துக்கு அது பொருந்தும். அதே கோடு கென்யா வழியாகவும் போகிறதே! அங்கே மழை அவ்வளவு பெய்வதில்லை, நிலமும் உயரம், பார்ப்பதெல்லாம் சவானா புல்வெளி. மழைக்காட்டைவிடச் சவானாதான் இந்தக் கண்டத்தில் பல மடங்கு பெரியது. நிலநடுக்கோட்டுக்குக் கொஞ்சம் வடக்கே இருக்கும் அடிஸ் அபாபா 2,300 மீட்டர் உயரத்தில் இருப்பதால் ஆண்டு முழுவதும் இதமான குளிர்ச்சியோடு இருக்கிறது.

சஹாராவை வெறும் மணல் மேடாக வரையாதீர்கள். மணல் சுமார் கால் பங்குதான். மீதி பாறைத் தளமும் சரளைக்கல் வெளியும். சாடு நாட்டின் திபெஸ்தி மலையில் 3,415 மீட்டர் உயர எரிமலையே இருக்கிறது. தெற்கே காடு சட்டென்று தொடங்கிவிடாது. நடுவில் சாகேல் என்ற வறண்ட புல் நிலம் உண்டு. அந்தப் பெயருக்கு அரபியில் கரை என்று பொருள். பாலைவனத்தைக் கடலாகப் பார்த்து வைத்த பெயர்.

கடைசியாக, நமீபையும் களஹாரியையும் ஒன்றாக்கிவிடுவது. நமீப் அட்லாண்டிக் ஓரம். குளிர்ந்த பெங்குவேலா நீரோட்டத்தால் மூடுபனி வரும், மழை வராது. களஹாரி உள்நாட்டு மணல் பரப்பு. ஓரளவு மழை உண்டு, புல்லும் மரமும் உண்டு. ஆறு என்றால் கடலில் கலக்க வேண்டும் என்ற எண்ணத்தையும் இங்கேயே விட்டுவிடலாம். அங்கோலா மேட்டு நிலத்தில் பெய்த மழை ஒக்கவாங்கோ ஆறாக மாதக்கணக்கில் மெல்ல நகர்ந்து, போட்ஸ்வானாவில் களஹாரி மணலுக்குள் விசிறி போல விரிகிறது. அது வந்து சேரும்போது அங்கே மழைக்காலம் முடிந்து வறட்சி தொடங்கியிருக்கும். சுற்றிலும் காய்ந்து கிடக்கும் நேரத்தில், மழையே பெய்யாமல் ஊர் முழுக்கத் தண்ணீர் ஏறும். யானைகள் கூட்டமாக அங்கே வந்து சேரும்.