1/35 அளவில் ஒரு பதுங்குகுழி: மண்ணிலிருந்து தொடங்கலாம்

பதுங்குகுழி டயோரமாவில், அதாவது ஒரு காட்சியைச் சிறிய அளவில் மேசைமேல் அமைக்கும் மாதிரியில், பாதிக்கு மேல் வேலை மண்ணில்தான் இருக்கிறது. சிப்பாய் உருவங்களைப் பெட்டியாக வாங்கிவிடலாம். துப்பாக்கி, ஹெல்மெட், முதுகுப்பை எல்லாம் அச்சில் வார்த்தே வரும். குழியை மட்டும் நாமேதான் தோண்ட வேண்டும். அந்த மண் என்ன நிறம், குழி எவ்வளவு ஆழம், தரை ஈரமா காய்ந்ததா என்பதெல்லாம் எந்த இடம், எந்த மாதம் என்பதைப் பொறுத்தது. ஆகவே கத்தியைக் கையில் எடுக்கும் முன்பே அந்த இரண்டையும் முடிவு செய்துவிடுங்கள். 'முதல் உலகப் போர்' என்று பொதுவாக நினைத்துக்கொண்டு ஆரம்பித்தால் கடைசியில் எல்லாவற்றையும் ஒரே பழுப்பில் பூசி வைப்போம்.

இங்கே நாம் செய்யப்போவது வடக்கு பிரான்சின் சொம் பகுதியில், 1916 ஜூன் கடைசி வாரத்தில் இருந்த ஒரு பிரிட்டிஷ் குழி. முதல்முறை செய்பவர்களுக்கு இது தோதானது. பெல்ஜியத்தின் ஃப்ளாண்டர்ஸ் பக்கம் போனால் கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் வந்துவிடும். அங்கே குழியைக் கீழே வெட்டுவதைவிட மணல் மூட்டைகளை மேலே மேலே அடுக்கித்தான் சுவர் எழுப்பினார்கள். அதைச் செய்ய நூற்றுக்கணக்கில் மூட்டை உருட்ட வேண்டும். சொம் பகுதியில் மேலே பழுப்பு மண், அதற்கு அடியில் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை. அந்தப் பாறை வெட்டினால் ஓரளவு தானாகவே நிற்கும். விமானத்திலிருந்து எடுத்த அக்காலப் படங்களில் இந்தக் குழிகள் வெள்ளைக் கோடுகளாகத் தெரியும்.

அளவு

1/35 என்றால் நிஜத்தில் 1 மீட்டர் நம் மேசையில் சுமார் 28.5 மி.மீ. 1.75 மீட்டர் உயர மனிதர் 50 மி.மீ. (தமியா என்ற ஜப்பானிய மாடல் நிறுவனம் பேந்தர் டாங்கி மாடலுக்குள் மோட்டாரும் பேட்டரியும் அடங்குகிற மாதிரி வைத்த அளவுதான் பிறகு ஊர் உலகத்துக்கே வழக்கமாகிப் போனது. கணக்குப் போட வசதியில்லாத எண் என்று புலம்புகிறவர்கள் அந்த பேட்டரிகளைத்தான் திட்ட வேண்டும்.)

நமக்குத் தேவையான கணக்கு இது. மூட்டை வரிசையின் உச்சியிலிருந்து தரை வரை ஏறத்தாழ 2.1 மீட்டர், அதாவது 60 மி.மீ. நடக்கும் தரையின் அகலம் 1 மீட்டர் போல, 30 மி.மீ. எதிரிப் பக்கச் சுவரின் அடியில் ஒரு படி இருக்கும். சிப்பாய் அதில் ஏறி நின்றுதான் சுடுவார். நிற்கும் ஆளின் நெஞ்சுக்கு மேலே சுவர் முடிய வேண்டும் என்பதால் படிக்கும் உச்சிக்கும் நடுவே 1.35 மீட்டர் விட்டார்கள். நமக்கு 39 மி.மீ. ஆக, படியின் உயரம் 21 மி.மீ. ஒன்றிரண்டு மி.மீ. முன்பின் ஆனாலும் பரவாயில்லை. ஒட்டுவதற்கு முன் ஒரு உருவத்தைப் படியில் நிறுத்திப் பாருங்கள். முழங்கை மூட்டைமேல் இயல்பாக ஊன்றினால் அளவு சரி.

குழி நேர்கோட்டில் ஓடாது. ஐந்தாறு மீட்டருக்கு ஒருமுறை வளைந்து திரும்பும். ஒரு வளைவில் குண்டு விழுந்தாலும், எதிரி உள்ளே புகுந்து நீளவாக்கில் சுட்டாலும், பக்கத்து வளைவில் இருப்பவர்கள் தப்ப வேண்டும் என்பதற்காக அந்த ஏற்பாடு. நாம் ஒரே ஒரு நேர்ப்பகுதியையும் அதன் இரண்டு முனையிலும் திருப்பத்தின் தொடக்கத்தையும் செய்தால் போதும். 220 × 180 மி.மீ. பலகையில் இது அடங்கிவிடும்.

குழியை வெட்டுவது

எக்ஸ்.பி.எஸ். என்கிற அடர்த்தியான ஃபோம் தகடு வாங்குங்கள். சாதாரண தெர்மாகோல் வேண்டாம். அது வெட்டும்போது மணி மணியாக உதிரும், செதுக்கவும் பிடி கொடுக்காது. பலகைமேல் 10 மி.மீ. தகடு ஒன்று, அதன்மேல் 20 மி.மீ. தகடுகள் இரண்டு. எல்லாவற்றையும் ஒரேயடியாக ஒட்டிவிடாதீர்கள். முதலில் குழியின் வடிவத்தைத் தாளில் வரைந்து, மேல் இரண்டு தகடுகளையும் அதன்படி வெட்டி, பிறகு ஒட்டுங்கள். சுடும் படிக்கு 20 மி.மீ. தகட்டிலேயே 14 மி.மீ. அகலத் துண்டு ஒன்று எடுத்தால் உயரம் தானாகவே அமைந்துவிடும்.

ஒட்டுவதற்கு வெள்ளைப் பசை, அதாவது பி.வி.ஏ. போதும். தகடுகளுக்கு நடுவில் காற்றுப் போகாததால் உலர நேரம் எடுக்கும். நாலைந்து பல்குத்தும் குச்சிகளைச் செருகி, மேலே கனமான புத்தகத்தை வைத்து இரவு முழுக்க விட்டுவிடுங்கள். சூப்பர் குளூவும் ஸ்ப்ரே பெயிண்டும் ஃபோமை அரித்துக் கரைக்கக்கூடியவை. அந்தப் பக்கமே போக வேண்டாம்.

எதிரிப் பக்கம் 70 மி.மீ., குழி 60 மி.மீ., பின்பக்கம் 50 மி.மீ. என்று பலகையைப் பிரித்துக்கொள்ளுங்கள். குழியைப் பலகையின் ஓரத்துக்கு இணையாக வைக்காமல் சற்றே சாய்த்து வைத்தால் பார்வைக்கு நன்றாக இருக்கும். அப்புறம் ஒரு முக்கியமான விஷயம். பார்ப்பவர் பின்பக்கத்திலிருந்துதான் பார்ப்பார். பின்சுவர் முழு உயரத்தில் நின்றால் உள்ளே நீங்கள் செய்த எதுவும் தெரியாது. அதன் நடுவில் ஒரு பகுதியை 20 மி.மீ. உயரத்துக்கு நேராக வெட்டி எடுத்துவிடுங்கள். இயற்கைக்கு மாறானதுதான். ஆனாலும் வெட்டுமுகமாகத் தெரியும்படி சுத்தமாக வெட்டினால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

சுவர்கள் செங்குத்தாக நிற்கக் கூடாது. மேலே போகப் போகக் கொஞ்சம் விரியட்டும். கத்தியால் சீவியபின் கூரான கல் ஒன்றை ஃபோமில் அழுத்தி உருட்டினால் மண்வெட்டியால் கொத்திய பாறைத் தடம் வந்துவிடும்.

மணல் மூட்டைகள்

பொறுமையைச் சோதிக்கும் கட்டம் இது. ஆனால் எனக்குப் பிடித்ததும் இதுதான்.

நிரப்பிய மூட்டை ஒன்று நிஜத்தில் சுமார் 50 செ.மீ. நீளம், 25 செ.மீ. அகலம், 12 செ.மீ. தடிமன். நமக்கு 14 × 7 × 3.5 மி.மீ. இரண்டு பகுதிகளைப் பிசைந்து சேர்க்கும் எபாக்சி புட்டி வாங்குங்கள். காற்றில் உலரும் களிமண்ணும் ஆகும், ஆனால் அது காயும்போது சுருங்கி மூட்டைகளுக்கு நடுவே இடைவெளி விடும். புட்டியைக் கயிறாக உருட்டி, லேசாகத் தட்டி, 14 மி.மீ. துண்டுகளாக நறுக்குங்கள். கையில் ஒட்டாமலிருக்க முகப்பவுடர் கொஞ்சம் தொட்டுக்கொள்ளலாம்.

துண்டுகள் மென்மையாக இருக்கும்போதே சுவரில் அடுக்க வேண்டும். தனித்தனியாகக் காயவைத்து அப்புறம் அடுக்கினால் அவை தலையணைகள் மாதிரி ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்திருக்கும், பாரமே தெரியாது. ஈரத்தில் அடுக்கினால் மேல்மூட்டையின் எடையில் கீழ்மூட்டை பிதுங்குவது தானாகவே வரும். அடுக்கும் முறை செங்கல் கட்டுவதைப் போலத்தான். ஒரு வரிசையில் நீளவாட்டம் தெரியும், அடுத்த வரிசையில் முனை மட்டும் தெரியும், இணைப்புகள் ஒன்றின்மேல் ஒன்று வரக் கூடாது. சுவர் நாலு பங்கு உயரத்துக்கு ஒரு பங்கு என்ற கணக்கில் பின்னோக்கிச் சாயட்டும்.

கடையில் வாங்கும் பிளாஸ்டிக் மூட்டைகளில் கட்டிய வாய் அழகாகத் துருத்திக்கொண்டிருக்கும். புதியவர்கள் அதைப் பார்வைக்கு நேராக வைத்துவிடுவார்கள். அன்றைய பிரிட்டிஷ் விதி இதற்கு நேர்மாறு: கட்டிய வாயும் தையலும் மண்ணுக்குள் திரும்பியிருக்க வேண்டும், வெளியே தெரிந்தால் பிரிந்து மண் கொட்டும். ஆகவே உங்களுக்கு வாய் செதுக்கும் வேலையே இல்லை. அவசரத்தில் வைத்ததாக எங்காவது ஒன்றிரண்டு தெரியட்டும், போதும்.

கடைசியாக, காயம் கட்டும் காஸ் துணியை ஒவ்வொரு மூட்டைமேலும் மெல்ல அழுத்தி எடுங்கள். சணல் நெய்த தடம் பதிந்துவிடும். படிக்கு மேலுள்ள சுவர் முழுக்க மூட்டை வேண்டியதில்லை. பாறைக்கு மேலே ஆறு வரிசை, மூலைகளில் கொஞ்சம், அவ்வளவுதான். உச்சி வரிசை ஒரே மட்டமாக இருக்கக் கூடாது. மேடுபள்ளமாக இருந்தால்தான் அங்கே எட்டிப்பார்க்கும் தலை எதிரிக்குத் தனியாகத் தெரியாது.

மரமும் தகரமும்

நடக்கும் பலகைப் பாதைக்கு ஐஸ் குச்சி அல்லது பால்சா என்ற லேசான மரம். இரண்டு நீளச் சட்டம், அதன்மேல் 2 மி.மீ. அகலக் குறுக்குச் சட்டங்கள், நடுவே கொஞ்சம் இடைவெளி. ஒரு பாதைத் துண்டு 50 மி.மீ. நீளம், 13 மி.மீ. அகலம். கம்பித் தூரிகையால் மரத்தை நீளவாக்கில் தேய்த்தால் நரம்பு ஓடியது போல் வரும். ஒரு சட்டத்தை உடைத்துவிடுங்கள், ஒன்றைக் காணாமல் போக்குங்கள்.

நெளிதகரத்துக்குத் தடித்த அலுமினியத் தாள். 2 மி.மீ. இடைவெளியில் கம்பிகளை வரிசையாக ஒட்டி, அதன்மேல் தாளை வைத்து மை தீர்ந்த பேனாவால் தேய்த்தால் நெளிவு விழுந்துவிடும். இரண்டு துண்டு போதும்.

முள்கம்பி? இந்தப் பலகையில் வேண்டாம். எதிரி கம்பிக்கு வெளியே நின்று கையெறி குண்டு வீசினாலும் குழியில் விழக் கூடாது என்பதால் முள்கம்பி வேலியைக் குழியிலிருந்து 20 கெஜமாவது தள்ளித்தான் போட்டார்கள். நம் அளவில் அது அரை மீட்டருக்கு மேல். குழிச்சுவரை ஒட்டி முள்கம்பி போட்ட டயோரமாக்கள் நிறையப் பார்த்திருப்பீர்கள். பார்க்க நன்றாக இருக்கும் என்பதைத் தவிர அதற்கு வேறு நியாயம் கிடையாது.

சுண்ணாம்பு மண்

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், பி.வி.ஏ. பசை, வெளிர்மஞ்சள் கலந்த வெள்ளை அக்ரிலிக் பெயிண்ட் மூன்றையும் தயிர்ப் பதத்தில் கலக்குங்கள். பெயிண்டை இப்போதே கலப்பது அவசியம். பின்னால் எங்காவது உடைந்தாலும் பளீரென்ற வெள்ளை எட்டிப்பார்க்காது. பழைய தூரிகையால் சுவரில் பூசி, கெட்டியாகும் நேரத்தில் தூரிகை நுனியால் குத்துங்கள். மிச்சக் கலவையைத் தனியே காயவைத்து உடைத்தால் சுண்ணாம்புக் கட்டிகள் கிடைத்துவிடும். அவற்றைச் சுவரின் அடியிலும், மூட்டைகளுக்கு முன்னால் எதிரிப் பக்கச் சரிவிலும் கொட்டி ஒட்டுங்கள். தோண்டி எறிந்த வெள்ளை மண் அங்கேதான் கிடக்கும். இந்தப் பாறைக்குள் கரிய சிக்கிமுக்கிக் கற்கள் முடிச்சு முடிச்சாக இருக்கும் என்பதால் கருங்கல் துணுக்குகள் சிலவற்றையும் சுவரில் பதியுங்கள்.

மேல்பரப்பின் பழுப்பு மண்ணுக்கு அதே கலவையில் பழுப்பு நிறமும் சலித்த மணலும். பிளாஸ்டர் தூளைக் கலக்கும்போது முகமூடி போட்டுக்கொள்ளுங்கள். முழுதும் காய ஒரு நாள் விடுங்கள்.

பெயிண்ட்

வெள்ளையை வெள்ளையாகவே பூசினால் பனி விழுந்த மாதிரி ஆகிவிடும். சுவருக்கு முதலில் வெளிர் சாம்பல் கலந்த மஞ்சள். அது காய்ந்ததும் பழுப்புச் சாம்பல் பெயிண்டை நிறையத் தண்ணீர் விட்டுக் கரைத்து ஓடவிடுங்கள். இதைத்தான் வாஷ் என்கிறோம். பள்ளங்களில் தங்கி நிழல் கொடுக்கும். பிறகு தூரிகையில் வெள்ளையைத் தொட்டு, துணியில் ஏறக்குறைய எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, மேடுகளில் மட்டும் உரசுங்கள். இது டிரை பிரஷ். இந்த இரண்டு உத்திகள் கைவந்தால் டயோரமாவின் பெரும்பகுதி முடிந்த மாதிரிதான்.

மூட்டைகளுக்குச் சணலின் மங்கிய பழுப்பு. ஒவ்வொன்றிலும் சாயலைக் கொஞ்சம் மாற்றுங்கள், இடுக்குகளில் வெள்ளைப் பொடி தூவுங்கள். மரத்துக்கு மஞ்சள் வேண்டாம். இந்தப் பகுதியைப் பிரெஞ்சுப் படையிடமிருந்து பிரிட்டிஷார் 1915 கோடையில் ஏற்றுக்கொண்டார்கள். ஏறக்குறைய ஓராண்டு மழையிலும் வெயிலிலும் கிடந்த மரம் சாம்பல் நிறமாகியிருக்கும். தகரத்துக்கு மங்கிய சாம்பல். துருவை வெட்டிய ஓரத்திலும் ஆணித் துளையிலும் மட்டும் காட்டுங்கள்.

ஈரமும் புல்லும்

சொம் பகுதியில் ஜெர்மன் படைமீது ஜூன் 29-ல் தொடங்க வேண்டிய பெரும் தாக்குதல் மழையால் ஜூலை 1-க்குத் தள்ளிப்போனது. ஆகவே நம் தரையில் சேறு உண்டு, ஆனால் கருஞ்சேறு அல்ல. சுண்ணாம்பு கரைந்த, பால் விட்டது போன்ற வெளிர்சேறு. பலகைப் பாதையின் இரு பக்கமும் பள்ளங்களில் பளபளக்கும் அக்ரிலிக் ஜெல்லில் ஒரு துளி வெளிர்வெள்ளை கலந்து 1 மி.மீ. கனத்தில் இரண்டு முறை ஊற்றுங்கள். தண்ணீர் போலக் காட்ட ஊற்றும் ரெசின் தேவையில்லை. அதன் சூடும் குமிழியும் அடுத்த டயோரமாவுக்கு இருக்கட்டும். ஈரம் கீழே மட்டும்தான். சுவரின் மேல்பாதிக்குப் பளபளப்பு ஏறினால் எல்லாம் பிளாஸ்டிக்காகத் தெரியும்.

கோடைகாலம் என்பதால் முன்பக்கச் சரிவில் புல் உயரமாக வளர்ந்திருக்கும். சணல் நாரைப் பச்சை சாயத்தில் நனைத்து 15 மி.மீ. துண்டுகளாக வெட்டிக் கொத்துக் கொத்தாக நடுங்கள். அங்கங்கே நுனியில் சிவப்புப் புள்ளி வைத்தால் பாப்பிப் பூ. ஏழெட்டு போதும், தோட்டம் ஆக்கிவிட வேண்டாம்.

ஆட்கள்

உருவங்கள் வாங்கும்போது பெட்டியில் ஆண்டைப் பாருங்கள். 1914 என்று போட்ட பிரிட்டிஷ் காலாட்படைப் பெட்டியில் துணித் தொப்பிதான் வரும். கிண்ணம் கவிழ்த்த மாதிரியான இரும்பு ஹெல்மெட் 1915 இலையுதிர்காலத்தில்தான் வரத் தொடங்கியது. 1916 கோடையில் அது பரவலாகிவிட்டது. நமக்கு அதுதான் வேண்டும்.

மூன்று பேர் போதும். 1916 ஜூலையில் சொம் பகுதியின் ஓவில்லியே கிராமத்துக்கு அருகே, பிடித்த ஜெர்மன் குழி ஒன்றில் செஷயர் ரெஜிமென்ட் சிப்பாய்களை எடுத்த புகழ்பெற்ற படம் ஒன்று உண்டு. ஒருவர் காவல் பார்க்கிறார், மற்றவர்கள் கிடைத்த இடத்தில் சுருண்டு தூங்குகிறார்கள். பாய்ந்து ஓடும் உருவங்களைவிட இந்த ஏற்பாடு எவ்வளவோ மேல். குறுகிய குழியில் கைகால் நீட்டிய உருவத்தை நுழைக்கவும் முடியாது.

சீருடைக்குப் பச்சை தட்டிய பழுப்பு, அதன்மேல் வாஷ், மடிப்பு மேடுகளில் கொஞ்சம் வெளிர்நிறம். பூட்ஸிலும் கணுக்காலிலிருந்து முழங்கால் வரை சுற்றிய துணிப் பட்டையிலும் தரையின் அதே வெளிர்சேற்றைத் தடவுங்கள். முழங்காலிலும் முழங்கையிலும் வெள்ளைப் பொடி. உருவத்தின் காலில் மெல்லிய கம்பியைச் செருகித் தரையில் குத்தி ஒட்டினால் ஆட்டம் இருக்காது.

பலகையின் நான்கு பக்க ஓரங்கள் பாக்கி. பலரும் கறுப்படித்து முடித்துவிடுவார்கள். நீங்கள் அங்கே மெல்லிய பிளாஸ்டர் பூசி, மேலே 10 மி.மீ. போலப் பழுப்பு, கீழே வெள்ளை, நடுவில் ஒழுங்கற்ற கோடு என்று மண்ணின் வெட்டுமுகத்தையே வரைந்துவிடுங்கள். காய்ந்ததும் எல்லாவற்றுக்கும் பளபளப்பில்லாத வார்னிஷ் ஒரு பூச்சு. தேங்கிய நீரின்மேல் மட்டும் அது படாமல் டேப் ஒட்டி மறைத்துக்கொள்ளுங்கள்.