எதிர்பாராத இடத்திலிருந்து வரும் ஊக்கம்: கிறிஸ்தவ எழுத்தாளர்களுக்கான நடைமுறை வழிகள்

தியானக் கட்டுரையோ சிறுகதையோ பாடலோ எழுதி அனுப்பியபின் எந்தத் திசையிலிருந்தும் ஒரு சொல்கூட வராத நிலைதான் கிறிஸ்தவ எழுத்தாளர் பலரைப் பேனாவை மூடிவைக்கச் செய்கிறது. பிரசங்கிக்கிறவருக்கு எதிரே முகங்கள் இருக்கின்றன. ஆராதனை முடிந்ததும் வாசலில் நின்று பேச நான்கு பேராவது இருப்பார்கள். எழுதுகிறவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. எதிர்பாராத ஊக்கத்தை எவரும் தாமாக உண்டாக்கிக்கொள்ள முடியாதுதான். ஆயினும் அது வந்துசேரும் வழிகளைத் திறந்துவைக்கவும், வேறு வடிவத்தில் வரும்போது அதை அடையாளம் கண்டுகொள்ளவும் பழகிக்கொள்ள முடியும். பாராட்டைத் தேடுவதை விட்டு, எழுத்து எங்கே பயன்பட்டது என்ற தடயத்தைத் தேடத் தொடங்குங்கள்.

இதற்கு எரேமியா 36ஆம் அதிகாரத்தைவிடப் பொருத்தமான வேதபகுதியை நான் அறியேன். எரேமியா தீர்க்கதரிசி சொல்லச் சொல்ல, அவருடைய எழுத்தனாகிய பாருக்கு எழுதிய சுருளை யோயாக்கீம் ராஜா சூரிக்கத்தியால் அறுத்துக் கணப்பிலிருந்த நெருப்பில் எறிந்தான் என்பதையும், அதே வார்த்தைகள் மறுபடியும் எழுதப்பட்டன என்பதையும் அநேகர் அறிவார்கள். நடுவில் நடந்ததைப் பலர் கவனிப்பதில்லை. ஆலயத்தில் அந்த வாசிப்பைக் கேட்ட மிகாயா என்பவன் அரமனைக்கே போய்ச் செய்தியைச் சொன்னான். அங்கிருந்த பிரபுக்கள் பாருக்கை வரவழைத்து, உட்கார்ந்து தங்களுக்கும் வாசிக்கச் சொன்னார்கள். கேட்டபின் பயந்து, எழுதியவர்கள் இருவரும் ஒளிந்துகொள்ள வேண்டும் என்று எச்சரித்தார்கள். எல்நாத்தான், தெலாயா, கெமரியா ஆகிய மூவரும் சுருளைச் சுட்டெரிக்க வேண்டாம் என்று ராஜாவிடமே விண்ணப்பம்பண்ணினார்கள். எழுத்தை எரித்த அதே அரமனைக்குள்தான் அதற்காக வாதாடியவர்களும் இருந்தார்கள். எனவே உங்கள் நூலை மறுத்த பதிப்பகத்திலோ, கண்டுகொள்ளாத சபையிலோ, உங்களுக்குத் தெரியாமல் அதைப் படித்து அசைக்கப்பட்ட ஒருவர் இருக்கக்கூடும் என்பதை மறந்துவிட வேண்டாம்.

பயன்பாட்டின் தடயங்கள் பெரும்பாலும் பாராட்டைப்போல் ஒலிப்பதில்லை. "இன்னொரு பிரதி கிடைக்குமா?" என்று ஒருவர் கேட்டால், முதல் பிரதியை அவர் வேறொருவருக்குக் கொடுத்திருக்கிறார் என்று பொருள். வேதபாட வகுப்பில் உங்கள் கட்டுரையைப் பயன்படுத்த அனுமதி கேட்கிறவர், அதன்மேல் தம் நேரத்தையும் பெயரையும் பணயம் வைக்கிறார். உங்கள் வாக்கியம் ஒன்று பெயர் குறிப்பிடப்படாமலே பிரசங்கத்தில் வந்துவிட்டால் சற்று எரிச்சலாகத்தான் இருக்கும். எனினும் அது ஒருவருடைய நினைவில் தங்கிவிட்டது என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடையாது. பக்க எண்ணோடு மறுப்பு எழுதுகிறவரையும் இந்த வரிசையிலேயே சேர்க்கலாம். அக்கறையில்லாதவர்கள் பக்க எண் குறிப்பதில்லை. காரணம் சொல்லித் திருப்பி அனுப்பும் பதிப்பாசிரியரும் அப்படியே.

"மிகவும் ஆசீர்வாதமாக இருந்தது" என்ற வழக்கமான சொல் வரும்போது, நன்றி சொல்வதோடு நின்றுவிடாமல், "எந்தப் பகுதி?" என்று மென்மையாகக் கேளுங்கள். மரியாதைக்காகச் சொன்னவர் சமாளித்துப் பேச்சை மாற்றிவிடுவார். அதனால் நஷ்டம் ஒன்றுமில்லை. உண்மையாகவே தொடப்பட்டவரோ, நீங்கள் முக்கியமாகக் கருதாத ஏதோ ஒரு பத்தியைக் குறிப்பிட்டு, அதைப் படித்த வேளையில் தமக்கிருந்த துக்கத்தையோ சந்தேகத்தையோ சொல்லத் தொடங்குவார். நாம் பாடுபட்டுச் செதுக்கிய வரியை விட்டு, போகிற போக்கில் எழுதிய வரியை வாசகர்கள் பிடித்துக்கொள்வது எழுத்தாளருக்குச் சற்று அடக்கத்தையும் கற்றுக்கொடுக்கிறது.

வழிகளைத் திறந்துவைப்பது எளிய வேலை. வாசகர் உங்களை எட்டுவதற்கான முகவரியை ஒவ்வொரு நூலின் கடைசிப் பக்கத்திலும் அச்சிடுங்கள். உங்களை முன்பே அறிந்தவர்கள் நடுவிலேயே எழுத்தைச் சுற்றவிடாமல், சிறைச்சாலை ஊழியம் செய்கிறவர்கள், மருத்துவமனையில் நோயாளிகளைச் சந்திக்கிறவர்கள், பார்வையற்றோருக்காக நூல்களை ஒலிப்பதிவு செய்கிறவர்கள் ஆகியோரிடம் சில பிரதிகளைக் கொடுங்கள். எதிர்பாராத பதில்கள் பெரும்பாலும் நம் பெயரைக் கேள்விப்பட்டிராத இடங்களிலிருந்தே வருகின்றன. அச்சேறாத கைப்பிரதியானால், சிறு ஜெபக்குழுவில் ஒரு பகுதியை உரக்க வாசித்துப் பாருங்கள். எங்கே சிரிப்பு எழுகிறது, எங்கே அமைதி ஆழமாகிறது, எங்கே கைகள் கைப்பேசியைத் தேடுகின்றன என்பதைக் கடிதங்கள் ஒருபோதும் சொல்லமாட்டா.

பதில் நம் ஆயுட்காலத்துக்குள் வந்தாக வேண்டும் என்பதும் இல்லை. அனுமதியின்றிப் பிரசங்கித்ததற்காக 1660 முதல் 1672 வரை சிறையிலிருந்த ஆங்கிலேயப் பிரசங்கியார் ஜான் பனியன், 1678இல் மோட்சப் பிரயாணம் என்ற நூலை வெளியிட்டார். அதைத் தழுவி எச். ஏ. கிருஷ்ணபிள்ளை இயற்றிய இரட்சணிய யாத்திரிகம் 1894இல் தமிழில் வெளிவந்தபோது, பனியன் இறந்து 206 ஆண்டுகள் ஆகியிருந்தன.

கிடைத்த ஊக்கத்தைச் சேமித்துவைப்பதற்குத் தனிக் குறிப்பேடு ஒன்று வேண்டும். தேதி, எந்தப் படைப்பு, அவர் சொன்ன சொற்கள் ஆகியவற்றை அன்றே எழுதிவிடுங்கள். ஒரு வாரம் கழித்தால் நினைவு அந்தச் சொற்களை ஒன்று பெருக்கிவிடும், இல்லையேல் மங்கச்செய்துவிடும். அவருடைய சொந்தத் துயரம் அதில் அடங்கியிருந்தால் பெயரை விட்டுவிடுவதே முறை. ஆனால் எழுத உட்காருவதற்குமுன் அந்தக் குறிப்பேட்டைத் திறக்க வேண்டாம் என்பது என் கருத்து. முன்பு பாராட்டப்பட்ட பாணியையே திரும்ப எழுதும் சோதனை அதில் உண்டு. நிறுத்திவிடலாம் என்று தோன்றும் நாளுக்காக அதை வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாத் தற்செயலையும் தேவனுடைய குரலாக எடுத்துக்கொள்வதில் ஆபத்து இருக்கிறது. ஒருவருடைய உற்சாகமான வார்த்தை உங்கள் அழைப்பை உறுதிப்படுத்தலாம். ஆனால் கைப்பிரதியின் இரண்டாம் திருத்தத்துக்கோ, உபதேசத்தைச் சரிபார்க்கும் பொறுப்புக்கோ அது மாற்றாகாது. பெரிய தீர்மானம் எதையும், குறிப்பாக வேலையை விட்டு முழுநேரம் எழுதும் தீர்மானத்தை, ஒரே கடிதத்தின்மேல் கட்டாமல், உங்களைப் புகழ வேண்டிய அவசியமில்லாத மூத்த விசுவாசி ஒருவரிடமும் கலந்து பேசுங்கள். இளைத்துப்போன பாருக்குக்குக் கிடைத்த பதிலும் புகழ்ச்சியல்ல. "நீ உனக்குப் பெரிய காரியங்களைத் தேடுகிறாயோ? தேடாதே" என்ற கண்டிப்போடுதான், அவன் பிராணன் காக்கப்படும் என்ற வாக்குத்தத்தமும் எரேமியா 45இல் வருகிறது.

ஊக்கம் வறண்டிருக்கும் மாதங்களில் வேறோர் எழுத்தாளருக்குக் கடிதம் எழுதுங்கள். பவுல் என்று பிற்பாடு அழைக்கப்பட்ட சவுலைக் கண்டு சீஷர்கள் பயந்தபோது அவரை அழைத்துக்கொண்டுபோய் அறிமுகப்படுத்தியவர் பர்னபா. பவுல் வேண்டாமென்று விட்ட மாற்குவைத் தம்மோடு கூட்டிக்கொண்டவரும் அவரே. பின்னாளில் ஒருவர் நிருபங்களை எழுதினார்; மற்றவர் பெயரால் ஒரு சுவிசேஷம் வழங்குகிறது. உங்கள் கடிதம் நீளமாக இருக்கத் தேவையில்லை. எந்தப் படைப்பின் எந்தப் பகுதி, அதை எந்தச் சூழ்நிலையில் படித்தீர்கள், அதனால் என்ன செய்தீர்கள் அல்லது எதைச் செய்யாமல் விட்டீர்கள் என்பவற்றை எழுதினால் போதும். உங்கள் சொந்தக் கைப்பிரதியைப் பற்றி அந்தக் கடிதத்தில் ஒரு வரிகூட வரவேண்டாம்.