மூச்சுக் கருவி சரிதான், மூக்குதான் ஏமாற்றியது

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் செம்பனை (எண்ணெய்ப் பனை) லாரி போகும் மேட்டுப் பாதையில் தினமும் சாயங்காலம் ஓடுவேன். கால் வலிக்கும் முன்பே மூச்சு முட்டிவிடும். கிளினிக்கில் ஆஸ்துமாவும் இல்லை, ரத்தசோகையும் இல்லை என்றார்கள்.

மூச்சை இழுக்கும் தசையைப் பலப்படுத்தலாம் என்று, அக்காவின் அறுவை சிகிச்சைக்குப் பிறகு வீட்டில் கிடந்த மூன்று பந்துக் கருவியில் (மூச்சை உள்ளே இழுத்தால் பந்து மேலே எழும்) இரண்டு வாரம் மூச்சு இழுத்தேன். பந்து மேலே போனதுதான் மிச்சம். அது நுரையீரலை விரிப்பதற்கு, மூச்சுத் தசைக்குச் சுமை ஏற்றுவதற்கு அல்ல. அப்புறம், மூச்சை இழுப்பதைக் கடினமாக்கும் ஸ்பிரிங் வைத்த கருவி வாங்கினேன். ஆசையில் சுமையை ஒரேயடியாகத் திருகி ஏற்றியதில் கழுத்து பிடித்துக்கொண்டது. மூச்சை அடுத்தடுத்து இழுத்ததில் தலை வேறு சுற்றியது.

சுமையைக் குறைத்தேன். அப்படியும் ஒருநாள் சுலபம், மறுநாள் கஷ்டம். கண்ணாடி முன் நின்று இழுத்தபோதுதான் கவனித்தேன்: மூக்கு மடல் லேசாக உள்ளே ஒடுங்குகிறது! பாதிக் காற்று அந்த வழியாகத் திருட்டுத்தனமாகப் போயிருக்கிறது. உடனே மூக்கில் நீச்சல்காரர் கிளிப்பை மாட்டினேன். தோளைத் தூக்காமல் வேகமாக உள்ளே, நிதானமாக வெளியே. காலை 30, மாலை 30. முப்பதாவது மூச்சு சற்றே திணற வேண்டும், அதுதான் சரியான சுமை.

ஆறாம் வாரம் அதே மேட்டில் நிற்காமல் ஏறினேன். லாரி அண்ணன் ஹாரன் அடித்துவிட்டுப் போனார்.